உங்களுக்குத் தெரியுமா? பழி சுமக்கும் அரசிகள்

◆ ஸ்டார்க் குடும்பம் அழிந்தது யாரால்? ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ ரசிகர்களில் பலர் அந்தக் குடும்பத்தின் தலைவி கேட்லின் பெயரைத்தான் சொல்வார்கள். அரசி செர்சியின் தம்பி டிரியனைச் சிறைப்பிடித்தது அவள் செய்த தவறுதான். ஆனால், ஸ்டார்க் வீட்டில் பணயமாக வளர்ந்த தியோனை அவன் தந்தையிடம் அனுப்பாதே என்று மகன் ராப்பை எச்சரித்தவளும் அவளே. ராப் கேட்கவில்லை, குடும்பத்தின் வின்டர்ஃபெல் கோட்டை தியோனிடமே பறிபோனது. கணவன் கொல்லப்பட்ட பிறகும், சமாதானம் பேசுங்கள் என்று பிரபுக்களிடம் மன்றாடினாள். அதையும் கேட்கவில்லை. ஃப்ரே குடும்பத்துக்குக் கொடுத்த திருமண வாக்கை மீறியவன் ராப். அவனுக்குக் கிடைத்தது அனுதாபம், தாய்க்குக் கிடைத்தது ஏச்சு.

◆ ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996இல் வெளியிட்ட, இந்தக் கதை வரிசையின் முதல் நாவலில் கேட்லினின் மகள் சான்சாவுக்கு வயது 11. தந்தை நெட் தங்களை ஊருக்கு அனுப்பப்போவதை அரசி செர்சியிடம் சொல்லிவிட்டாள் என்பதற்காக, அவர் சாவுக்கே அவளைக் காரணமாக்குகிறார்கள். செர்சியின் ரகசியம் தனக்குத் தெரியும் என்று அவளிடமே போய்ச் சொன்னவர் நெட். காவல் படையை வைத்து அவரைக் காட்டிக்கொடுத்தவன், நண்பனாக நடித்த லிட்டில்ஃபிங்கர். தலையை வெட்டச் சொன்னவன் செர்சியின் மகன் ஜோஃப்ரி. பதினொரு வயதுப் பிள்ளை மேல் இந்தக் கோபம் அநியாயம்.

◆ ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ தொடரில் தந்தை வாரிசாக அறிவித்த இளவரசி ரெனீராவுக்கு மூலம், 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மட்டில்டா. மன்னர் முதலாம் ஹென்றியின் ஒரே முறையான மகன் 1120இல் கப்பல் விபத்தில் மூழ்கி இறந்தான். மகள் மட்டில்டாவையே வாரிசாக ஏற்பதாக 1127இல் பிரபுக்கள் சத்தியம் செய்தார்கள். 1135இல் ஹென்றி இறந்ததும், சத்தியம் செய்தவர்களில் ஒருவரான ஸ்டீபனே முடிசூடிக்கொண்டார். 1141இல் அவரைச் சிறைப்பிடித்த மட்டில்டா, லண்டன் மக்களிடம் பணம் கேட்டுக் கண்டிப்புக் காட்டினார். ஊர் திரண்டு விரட்டியது. முடிசூட்டு விழா நடக்கவே இல்லை. ஸ்டீபன் பக்கம் நின்ற வரலாற்றாசிரியர் மட்டில்டாவைத் திமிர் பிடித்தவர் என்று எழுதிவைத்தார். மோசமான நாணயம் அச்சடித்தவர்களின் கையை வெட்டவைத்தவர் அவருடைய தந்தை ஹென்றி. அவரையோ நாட்டில் அமைதி காத்த மன்னர் என்று புகழ்ந்தார்கள்.

◆ ரெனீராவின் கதையைச் சொல்லும் ‘ஃபயர் அண்ட் பிளட்’ நூலை (2018), ஓர் அறிஞர் பழைய குறிப்புகளைத் தொகுத்து எழுதியதாகவே மார்ட்டின் அமைத்திருக்கிறார். அந்த அறிஞர் ஆண். அவர் முக்கியமாக நம்பும் மத குரு, தலைமை அறிஞர், அரண்மனைக் கோமாளி மூவரும் ஆண்களே. இது தெரியாமல் அந்நூலைப் படித்தால் ரெனீராவைத் தப்பாகத்தான் எடைபோடுவோம்.

◆ ஆர்தர் மன்னரின் வட்ட மேசை வீரர் கூட்டம் உடைந்ததற்கு அரசி குவினிவர்தான் காரணம் என்பது பரவலான பேச்சு. 1485இல் அச்சான தாமஸ் மேலரியின் நூலைப் பாருங்கள். தன்னை அழிக்கப்போகும் குழந்தை மே தினத்தில் பிறந்தது என்று கேட்ட ஆர்தர், அன்று பிறந்த பிள்ளைகளைத் திரட்டிக் கப்பலில் ஏற்றிக் கடலில் விட்டார். அதில் பிழைத்த அந்தக் குழந்தை மோர்ட்ரெட்தான் பின்னர் அரியணையைக் கைப்பற்றினான். ஆர்தர் செய்த இந்தச் சிசுக்கொலை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

◆ குளோஸ்டர் கோமகள் எலினார் கோப்ஹாம் 1441இல் சூனியக் குற்றம் சாட்டப்பட்டு, மெழுகுவர்த்தி ஏந்தி லண்டன் தெருக்களில் மூன்று நாள் நடக்கவைக்கப்பட்டார். அவர் கணவர் அரியணைக்கு அடுத்த வாரிசு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மீதி ஆயுள் சிறையில் கழிந்தது.

◆ “அந்தக் காலம் அப்படித்தான்” என்பவர்களுக்கு ஒரு பெயர்: நிக்கோலா டி லா ஹே. 1216இல் மன்னர் ஜான் இவரை லிங்கன்ஷயரின் ஷெரிஃபாக நியமித்தார். 1217 முற்றுகையில் முதிய வயதிலும் லிங்கன் கோட்டையை விட்டுக்கொடுக்காமல் காத்தார். வெற்றி கிடைத்த சில நாள்களிலேயே பதவியைப் பறித்து வேறொரு பிரபுவுக்குக் கொடுத்தார்கள். அரசவைவரை போய் வாதாடிக் கோட்டையைத் தன் வசம் வைத்திருக்கும் உரிமையைப் பெற்றார். தமிழில் ஃபேன்டஸி எழுத உட்காருபவர்கள் முதலில் இவரைத் தேடிப் படியுங்கள்.