வளர்ச்சிக்கும் அளவு உண்டு

உலகின் மிகப் பெரிய பாம்பினங்களுள் பர்மிய மலைப்பாம்பும் ஒன்று. தெற்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகளுக்கு உரிய இப்பாம்பை அமெரிக்கா முதலிய நாடுகளில் சிலர் வீட்டில் வளர்த்து வந்தனர். முட்டையிலிருந்து வெளிவரும் குட்டி ஏறத்தாழ அரை மீட்டர் நீளமே இருக்கும். அதுவே பின்னாளில் 5 மீட்டர் வரை வளரக்கூடும்.

பாம்பின் நீளம் அகவையால் மட்டும் அமைவதில்லை. உணவும் அதனை முடிவு செய்கிறது. மிகுதியாக உண்ணும் குட்டி விரைந்து நீள்கிறது. இதனை அறிந்த சிலர், தம் பாம்பு விரைவில் பெரிதாக வேண்டும் என்னும் ஆவலால் அடுத்தடுத்து இரை கொடுக்கின்றனர். இச்செயல் பாம்புக்குத் தீங்கு விளைவிக்கும்.

மலைப்பாம்பின் உடல், நீண்ட இடைவெளி விட்டு உண்பதற்கேற்ப அமைந்தது. உண்ணாத காலத்தில் அதன் குடல் சுருங்கியிருக்கும். பெரிய இரையை விழுங்கியதும் குடலும் கல்லீரலும் பருக்கின்றன. இதயத்தின் கீழறைத் தசை இரண்டே நாள்களில் 40 விழுக்காடு பெருத்ததாக 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. செரிமானம் முடிந்ததும் உறுப்புகள் பழைய அளவுக்குத் திரும்புகின்றன. அதற்கு முன்பே அடுத்தடுத்து இரை வந்தால் அவற்றிற்கு ஓய்வு இல்லை. மிகுதியான உணவு கொழுப்பாக மாறி உடலினுள் படிகிறது, கல்லீரலும் நோயுறுகிறது.

ஆகவே, குட்டிக்கு வாரம் ஒருமுறையும் வளர்ந்த பாம்புக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறையும் இரை கொடுத்தல் போதும். இரையின் பருமன், பாம்பின் உடலில் மிகப் பருத்த பகுதியின் அளவை ஒத்திருத்தல் நலம். பாம்பு தன் உடல் வெப்பத்திற்குச் சுற்றுப்புறத்தையே நம்பியுள்ளது. இடம் குளிர்ந்தால் செரிமானம் தடைப்பட்டு, விழுங்கிய இரையைக் கக்கிவிடும். முதுகெலும்பு துருத்தாமலும் கொழுப்பு மடிப்புகள் தோன்றாமலும் உடல் உருண்டு திரண்டிருப்பதே நல்ல வளர்ச்சியின் அடையாளம்.

அளவறியாமல் வளர்த்ததன் விளைவு வீட்டோடு நிற்கவில்லை. வளர்ப்போர் கைவிட்டனவும் தப்பிச் சென்றனவுமான பாம்புகள் புளோரிடா மாநிலத்தின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகின. அங்கு முயல் போன்ற சிறு விலங்குகள் பெரிதும் அருகிவிட்டன. 2012ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இப்பாம்பின் இறக்குமதியைத் தடை செய்தது. இந்தியாவிலோ 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மலைப்பாம்புகளைக் காக்கிறது. அவற்றைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றமாகும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். ஓர் உயிரின் இயல்பை அறிந்து, அதற்கு வேண்டிய அளவில் உதவுவதே உண்மையான அன்பு.

சிந்தித்து விடை எழுதுக:
1. மலைப்பாம்புக்கு அடுத்தடுத்து இரை கொடுப்பது ஏன் தீங்கானது?
2. எவர்கிளேட்ஸ் நிகழ்வு நமக்கு உணர்த்தும் பாடம் யாது?