சிவப்பு விளக்கு சொல்லும் கணக்கு

ஸ்மார்ட் மீட்டர் என்றதும் சித்தூரானாலும் திருப்பதியானாலும் முதல் கேள்வி இதுதான்: "இது வேகமா ஓடுமோ?"

பழைய மீட்டரில் ஓர் அலுமினியத் தட்டு சுழலும். தூசியும் தேய்மானமும் சேரச் சேர அது சோம்பல்படும். சின்ன பல்பு இழுக்கும் சொற்ப மின்சாரத்துக்கு அசையாமலும் போகலாம். புதியதில் சுழலும் பாகமே இல்லை. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்தளந்து ஒரு சில்லு பெருக்கிக் கூட்டுகிறது. பழையது விட்டதை இது விடாது. ஆனால் ஏற்கெனவே எலக்ட்ரானிக் மீட்டர் இருந்த வீட்டில் இந்தச் சமாதானம் செல்லாது.

நீங்களே சோதிக்கலாம். மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்தில் 3200 என்று அச்சாகியிருந்தால் 3200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் ஹீட்டர் ராடை மட்டும் போடுங்கள் (தண்ணீரில் முக்கித்தான்!). நிமிடத்துக்குச் சுமார் 53 சிமிட்டல் வரும். வோல்டேஜ் குறைந்தால் கொஞ்சம் குறையும். மிக அதிகமாக வந்தால் விடாதீர்கள்.

அரைமணிக்கொரு தரம் கணக்குப் பதிவாவதால், வீடு பூட்டிக் கிடப்பதும் அதில் தெரிந்துவிடும். வெளியாருக்கு அது தெரியுமோ என்ற பயம் நியாயமானது.

மக்கள் சம்மதமின்றி வீடுகளில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்த மாட்டோம் என்று 2025-இல் ஆந்திர எரிசக்தி அமைச்சர் கொட்டிப்பாட்டி ரவிகுமார் சொன்னார். பொருத்தியபின் சந்தேகம் வந்தால் மின் விநியோக நிறுவனத்திடம் எழுதிக் கொடுங்கள்: 2024-இல் திருத்திய மத்திய விதிப்படி, 5 நாளுக்குள் கூடுதல் மீட்டர் வைத்து, குறைந்தது 3 மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.