நியூரம்பேர்க் போவதானால் குளிரிலேயே போக வேண்டும்

ஐரோப்பாவுக்கு முதற் தடவையாகப் போகிறவருக்கு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கோடையில் போங்கள், குளிரில் போய் விறைத்துக் கிடக்காதீர்கள். சுற்றுலாப் போகிறவருக்கு இது நல்ல ஆலோசனை. கறுவாவும் கராம்பும் விற்கிற நமக்குச் சரிவராது. நமது சரக்கை வெள்ளைக்காரன் மனதாரத் தின்பது குளிரில்தான். ஜூலையில் போய் அவனிடம் கறுவாவைப் பற்றிக் கதைப்பது, பெருநாள் முடிந்த மறுநாள் புடவைக்கடை திறப்பது போன்றது.

ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகருக்கு வருகிற குளிர்காலத்தில் போவதென்று நானும், கொட்டாஞ்சேனையில் வாசனைத் திரவிய வியாபாரம் செய்யும் என் கூட்டாளியும் எண்ணியிருக்கிறோம். இருவருமே அந்தத் திசைக்கு இதுவரை போனவர்கள் அல்லர். கூட்டாளிக்கு அறுபது தாண்டிவிட்டது. இந்தப் பயணத்துக்கு இருவருடைய ஒரு வருட இலாபத்தில் கணிசமான பங்கு போகும். ஆகவே சில மாதங்களாக விசாரித்துக் கணக்குப் பார்த்து வருகிறோம். நம்மைப் போன்ற சிறு வியாபாரிகள் வேறு சிலரும் இதே யோசனையில் இருப்பதால், விசாரித்ததை இங்கே எழுதுகிறேன்.

ஏன் பாரிஸ் அல்ல, லண்டன் அல்ல, நியூரம்பேர்க் என்று கேட்பீர்கள். அங்குள்ள ஜேர்மன் தேசிய நூதனசாலையில் மார்ட்டின் பெஹைம் என்பவர் செய்வித்த ஒரு பூகோள உருண்டை இருக்கிறது. 1492ஆம் ஆண்டு காலத்தியது. இன்று உலகில் எஞ்சியிருக்கும் பூகோள உருண்டைகளில் மிகப் பழையது அதுவே. 2023இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதில் அமெரிக்கா இல்லை. ஆனால் இலங்கை இருக்கிறது. வாசனைத் திரவியம் கிழக்கிலிருந்து ஜேர்மனி வந்து சேரும் முன் எத்தனை கை மாறுகிறது என்ற விபரத்தையும் அதன்மேல் எழுதி வைத்திருக்கிறார்கள். சாவகத் தீவில் ஒரு கை, இலங்கையில் ஒரு கை, ஏடனிலிருந்து வரும் முஸ்லிம்கள் ஒரு கை, வெனிஸ் வியாபாரிகள் ஒரு கை என்று போய், கடைசியாக வாங்கித் தின்கிறவனோடு பன்னிரண்டு கை. ஒவ்வொரு துறையிலும் தீர்வை, ஒவ்வொரு கையிலும் இலாபம். பிறகு விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஐநூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. கரந்தெனியவில் பட்டை உரிக்கிறவரிடமிருந்து ஜேர்மன் கடைத் தட்டுக்குப் போகும்வரை இன்றும் எண்ணிப் பாருங்கள். ஊர்ச் சேகரிப்பாளர், கொழும்பு மொத்த வியாபாரி, ஏற்றுமதியாளர், அங்கே இறக்குமதியாளர், அரைத்துப் பொதி செய்கிறவர், சில்லறைக் கடை. நானும் கூட்டாளியும் இதில் இரண்டாவது, மூன்றாவது கை. நமக்குப் பின்னால் வருகிற கைகள் யாருடையவை, அவை என்ன விலைக்கு வாங்கி என்ன விலைக்கு விற்கின்றன என்பதை நாம் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. காசு செலவழித்துப் போவது அதைக் காண்பதற்குத்தான்.

இந்த ஊரின் பெயர் பெற்ற பண்டம் லேப்கூகன் என்னும் தேன் கேக். கறுவா, கராம்பு, ஏலம், இஞ்சி எல்லாம் போடுவார்கள். நகர எல்லைக்குள் செய்ததை மட்டுமே நியூரம்பேர்க் லேப்கூகன் என்று விற்கலாம் என்று 1996 முதல் ஐரோப்பியச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நமது கறுவாவுக்கும் அதே வகைப் பாதுகாப்பு 2022 பெப்ரவரியில் கிடைத்தது. "சிலோன் சினமன்" என்ற பெயருக்குக் கிடைத்த அந்தப் புவிசார் குறியீடு, இலங்கைப் பொருளொன்றுக்கு ஐரோப்பா கொடுத்த முதலாவது குறியீடு. நம்மில் பலர் அதைப் பத்திரிகையில் வாசித்ததோடு மறந்துவிட்டோம்.

இன்னொரு விடயமும் உண்டு. சீனாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் போகும் மலிவான கசியாப் பட்டையில் குமரின் என்ற இரசாயனம் அதிகம். அது அளவுக்கு மிஞ்சினால் ஈரலுக்குக் கேடு. 2006இல் கிறிஸ்மஸ் பிஸ்கட்டுகளில் அது கூடுதலாக இருப்பதாக ஜேர்மன் அரச நிறுவனமே எச்சரித்தது. பண்டிகைக் காலக் கறுவாப் பண்டங்களில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பா பின்னர் வரம்பு வைத்தது. நமது கறுவாவில் குமரின் மிகக் குறைவு. விலையை விட்டுவிட்டு இதைச் சொல்லி விற்கத் தெரிந்தவருக்கு அங்கே கதவு திறக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இனி டிசம்பரா, பெப்ரவரியா? இதில்தான் எனக்கும் கூட்டாளிக்கும் இழுபறி. டிசம்பரில் புகழ்பெற்ற கிறிஸ்மஸ் சந்தை நடக்கும். நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் ஆரம்பத்தில் ஒரு வெள்ளிக்கிழமை திறந்து 24ஆம் திகதி மூடுவார்கள். ஊரெல்லாம் கறுவா மணக்கும் என்கிறார்கள். கூட்டாளிக்கு அதைப் பார்க்க ஆசை. ஆனால் டிசம்பரில் விற்கிற சரக்கை அவர்கள் கோடையிலேயே வாங்கி முடித்திருப்பார்கள். அந்த நேரம் கொள்வனவு முகாமையாளரைச் சந்திக்கப் போனால் தேத்தண்ணீர் தருவார், ஓடர் தரமாட்டார். பெப்ரவரி நடுப்பகுதியில் பயோஃபாக் என்ற சேதன உணவுக் கண்காட்சி அதே ஊரில் வழமையாக நடக்கிறது. நமது ஏற்றுமதி அபிவிருத்திச் சபை அங்கே இலங்கைக் கூடம் போட்டிருக்கிறது. சேதனச் சான்றிதழ் இல்லாதவர் அங்கே கடை போட முடியாது. ஆனால் வியாபாரி என்று நிரூபித்தால் பார்வையாளராகப் போகலாம். முதற் பயணத்துக்குப் பார்வையாளராகப் போவதே போதும். விளையாட்டுச் சாமான் வியாபாரிகளுக்கு இதே ஊரில் ஜனவரி கடைசியில் உலகின் பெரிய விளையாட்டுப் பொருள் கண்காட்சி நடக்கிறது. புறக்கோட்டைக்காரர் சிலருக்கு அது தெரியும்.

கூட்டாளியின் மறுப்புக்கு நியாயமான காரணமும் உண்டு. 2027இல் நோன்பு பெப்ரவரி 8 அளவில் பிடிக்கும். 2028இல் ஜனவரி கடைசியில். இரண்டு வருடமும் கண்காட்சி நோன்பில்தான் வரும். ஆனால் பெப்ரவரியில் அங்கே சூரியன் ஐந்தேகால், ஐந்தரைக்கு மறைந்துவிடும். நோன்பின் நீளம் கொழும்பைவிடக் குறைவு. பிரயாணிக்குள்ள சலுகையை அவரவர் அறிவார்.

குளிரைவிடப் பெரிய மலை வீசா. கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. மறுத்தாலும் அது திரும்பாது. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாட்களுக்குள் ஏற்கமாட்டார்கள். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், ஆனால் 45 நாள்வரை இழுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கைரேகைக்கு நேரில் போக வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். பல நாடுகளுக்குப் போவதானால் அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். இலகுவாகத் தருவார்கள் என்று வேறொரு நாட்டில் எடுத்துவிட்டு ஜேர்மனியில் இறங்கினால், விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டி வரும். 2025 அக்டோபரில் ஆரம்பித்த புதிய முறைப்படி அங்கே எல்லையிலும் முகப்படம் பதிவாகும்.

நம்மவர்கள் தடுக்கி விழுவது வேறு இடத்தில். நமது வியாபாரத்தில் கையில் காசு புரளும். வங்கிக் கணக்கில் தெரியாது. கூட்டாளியின் சொந்தக்காரப் பையன் ஒருவனுக்கு நல்ல கடை, நல்ல ஓட்டம். விண்ணப்பிக்க மூன்று நாளுக்கு முன் மாமனாரிடம் கைமாற்று வாங்கி ஒரேயடியாகக் கணக்கில் போட்டான். ஒரு தூதரகம் மறுத்துவிட்டது. திரும்பி வருவான் என்பதில் சந்தேகம் என்று காரணம். வீசா அதிகாரி பார்ப்பது தொகையை மட்டுமல்ல, அது வந்த வழியையும். ஆகவே குளிர்காலத்தில் போக நினைப்பவர் இப்போதிருந்தே கொடுக்கல் வாங்கலைக் கணக்கின் வழியாகச் செய்ய வேண்டும். வியாபாரப் பதிவு, வரிக் கோப்பு, கண்காட்சி அனுமதிச்சீட்டு, அங்கே சந்திக்கவுள்ள கம்பனியின் கடிதம், இங்கே விட்டுப்போகும் குடும்பத்தின் விபரம் எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, கண்காட்சி நாட்களில் ஹோட்டல் விலை பல மடங்கு ஏறும். பக்கத்து ஊரான ஃபூர்த்தில் தங்கினால் மெட்ரோ ரயில் நேரே கண்காட்சி மண்டபம்வரை போகும். விமானம் மூனிச்சிலோ பிராங்பேர்ட்டிலோ இறங்கினால் மூனிச்சிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் சொச்சம், பிராங்பேர்ட்டிலிருந்து இரண்டு மணித்தியாலம். இஸ்தான்புல் வழியாக நியூரம்பேர்க்கிலேயே இறங்கவும் வழி உண்டு.

குளிர், பகலில் பூச்சியத்தை ஒட்டியும் இரவில் அதற்குக் கீழேயும் இருக்கும். வெள்ளவத்தையில் வெளிநாட்டுப் பிள்ளைகள் உள்ள வீடு எதைத் தட்டினாலும் ஒரு ஜக்கெட் இரவல் கிடைக்கும். பாரிஸிலும் டோர்ட்மண்டிலும் இருந்து வந்து அலுமாரியில் கிடப்பவை. சப்பாத்தை மட்டும் இரவல் வாங்க வேண்டாம். கோட்டைக்கு ஏறும் கல்வீதி பனியில் வழுக்கும். அடிப்பாகம் பிடிமானமுள்ள சப்பாத்தை இங்கேயே வாங்கி ஒரு மாதம் போட்டுப் பழக வேண்டும். தேங்காயெண்ணெய்ப் போத்தல் கட்டியாகிவிடும், கொண்டுபோய்ப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் இறங்க வேண்டாம். சட்டப்படி கடைகள் பூட்டு, ரயில் நிலையக் கடைகளைத் தவிர. இந்த ஊரின் சிறிய சொசேஜ் பன்றியிறைச்சி. சந்தையில் சூடாக ஆவி பறக்க விற்பது வைன். கொஸ்டென்ஹோஃப் பகுதியில் துருக்கியர் கடைகள் உண்டு, பள்ளிவாசல்களும் ஊரில் உண்டு. கிப்லா அங்கே தென்கிழக்கு.

வேலை முடிந்து ஒரு நாள் மிஞ்சினால் ஊரைப் பார்க்கத்தான் வேண்டும். நூதனசாலை திங்களில் பூட்டு என்பதை நினைவில் வையுங்கள். கோட்டையும் மதிலும் பழையவை போலத் தெரியும். ஆனால் 1945 ஜனவரி 2ஆம் திகதி ஒரே இரவு விமானக் குண்டுவீச்சில் பழைய நகரின் பெரும்பகுதி அழிந்தது. பழைய வீதிகளின் போக்கிலேயே திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். சந்தை நடக்கும் பெரிய சதுக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. 1349இல் அங்கே குடியிருந்த யூதர்களைக் கொன்று, வீடுகளை இடித்து எடுத்த நிலம் அது. அவர்களில் வியாபாரிகளும் இருந்தார்கள். 1915ஐ வாப்பாமாரிடம் கேட்டு வளர்ந்தவரும், 1983இல் வெள்ளவத்தைக் காலி வீதியில் கடைகள் எரிந்ததைக் கண்டவரும் அந்தச் சதுக்கத்தில் வெறும் கேக் வாங்குகிறவராக நிற்க முடியாது என்று நினைக்கிறேன். ஹிட்லரின் ஆட்கள் மீது 1945இல் வழக்கு விசாரித்த நீதிமன்ற அறையும் இதே ஊரில்தான்.

மாதிரிச் சரக்கில் அல்பா தரம் கொஞ்சம், சி5 கொஞ்சம், ஆய்வுகூட அறிக்கையுடன் சிறு பொதிகளாக எடுப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம். இறைச்சியும் பால் பண்டமும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள்; வழிச் சாப்பாடு கட்டித்தரும் வீட்டுக்காரியிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. டிசம்பரா பெப்ரவரியா என்பது இன்னும் முடிவாகவில்லை. வீசா கையில் வரும்வரை டிக்கட்டுக்குக் காசு கட்டுவதில்லை என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் பேச்சில்லை.