மெல்லிய அலைக்கு வழிவிடுங்கள்

டிஜிட்டல் டிவி பார்ப்பதற்காக உருவான சின்ன யுஎஸ்பி டாங்கிளுக்குள் ஆர்டிஎல்2832யு என்றொரு சிப் இருக்கிறது. ஆன்டெனாவில் விழும் ரேடியோ அலையை எண்களாக மாற்றி நேரே கணினிக்கு அனுப்ப அதனால் முடியும் என்று 2012இல் தெரியவந்தது. அதன்பின் ஹாம் ரேடியோ எனும் அமெச்சூர் வானொலி கேட்க ஆகும் செலவு வெகுவாகக் குறைந்தது. அலைவரிசையைத் தேர்ந்தெடுப்பது, வடிகட்டுவது, பேச்சைப் பிரித்தெடுப்பது என்று முன்பு மின்சுற்றுகள் செய்த வேலையை இதில் கணினி நிரல் செய்கிறது. இதுவே மென்பொருள்வழி ரேடியோ, சுருக்கமாக எஸ்டிஆர்.

வாங்கியவர் பலருக்கு ஒரே குறை: எஃப்எம் பாட்டு கணீரென்று கேட்கிறது, ஹாம்கள் பேசும் 144–146 மெகாஹெர்ட்ஸில் இரைச்சல்தான் வருகிறது. உடனே கெயினை, அதாவது பெருக்க அளவை, ஏற்றுகிறார்கள். அப்போது சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்தே வளரும். இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதே முக்கியம். அந்த இடைவெளியைக் கூட்டும் வேலை ஆன்டெனாவில் தொடங்குகிறது.

டாங்கிளோடு வரும் குட்டைக் கம்பியை மேசையிலிருந்து எடுத்துவிட்டு, மொட்டைமாடியில் ஓர் இருமுனை ஆன்டெனா கட்டுங்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் பயன்படுத்தும் 145.800 மெகாஹெர்ட்ஸுக்கு ஒவ்வொரு கையும் சுமார் 49 செ.மீ. இருந்தால் போதும். ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் பறக்கும் அந்நிலையம் பேசும் வேளைகளில், நல்ல ஆன்டெனா இருந்தால் இந்த மலிவான டாங்கிளிலேயே கேட்கலாம்.

அடுத்தது கேபிள். 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் இந்த அலைவரிசையில் சிக்னலின் திறனில் ஏறக்குறைய பாதியை விழுங்கிவிடும். 435 மெகாஹெர்ட்ஸில் கால்வாசிதான் மிஞ்சும். டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிளில் இழப்பு குறைவு. அது 75 ஓம் என்றாலும் கேட்பதற்குக் குறிப்பிடத்தக்க பாதகம் இல்லை. குறைந்த இரைச்சல் ஆம்ப்ளிஃபையர் வைப்பதாக இருந்தால் ஆன்டெனாவின் அடியிலேயே வையுங்கள். கேபிளைக் கடந்து நலிந்துபோன சிக்னலைக் கீழே கொண்டுவந்து பெருக்கினால், இழந்தது திரும்ப வராது.

நகரவாசிகளுக்கு எஃப்எம் நிலையங்கள் பெரும் தொல்லை. அவற்றின் வலிமையில் டாங்கிளின் முன்பகுதி திணறிப்போய், இல்லாத இடங்களில் போலிச் சிக்னல்களைக் காட்டும், உண்மையானவை அமுங்கிவிடும். 88–108 மெகாஹெர்ட்ஸைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றைச் சேர்த்தால் பெரும் மாற்றம் தெரியும். பிறகு தானியங்கிக் கெயினை அணைத்துவிட்டு, கையால் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். ஆன்டெனாவைச் செருகும்போது திரையில் இரைச்சல் மட்டம் லேசாக உயர்ந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

வீட்டுக்குள்ளும் இரைச்சல் பிறக்கிறது. எல்இடி விளக்கு, மொபைல் சார்ஜர், கணினி ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்து, திரையில் ஓடும் அலைவரிசைப் படத்தைக் கவனித்தால் குற்றவாளி எதுவென்று கண்ணால் காணலாம். எஸ்டிஆர் தரும் பெரிய வரம் இது. டாங்கிளை யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் கணினியிலிருந்து தள்ளி வைப்பதும் உதவும்.

இத்தனைக்கும் பிறகுதான் மென்பொருளின் முறை. கேட்கும் பட்டையின் அகலத்தை 2500 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஆகக் குறைத்தால் இரைச்சலின் திறன் பத்தில் ஒன்றாகிவிடும். பேச்சுக்கு இவ்வளவு குறுகல் ஆகாது, மோர்ஸுக்குப் போதும். இன்னும் ஆழத்துக்குப் போவது எஃப்டி8 என்னும் டிஜிட்டல் முறை. ஸ்டீவ் ஃபிராங்கேயும், இயற்பியலுக்காக 1993இல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் உருவாக்கி 2017இல் வெளியிட்டது. 2500 ஹெர்ட்ஸ் பட்டையிலுள்ள மொத்த இரைச்சலில் நூறில் ஒரு பங்கே உள்ள சிக்னலையும் இது படித்துவிடும்.

விலை உயர்ந்த கருவி வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் முதல் பங்கை ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் ஒதுக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஹாம்களின் பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் உள்ளூர் ரிப்பீட்டரின் சிக்னல் இரைச்சலைவிட எத்தனை டெசிபல் உயர்ந்து நிற்கிறது என்று குறித்துவையுங்கள். எந்த மாற்றம் பலன் தந்தது என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.