அடிக்கடி சிறுநீர் போகிறதா? வெட்கம் வேண்டாம், காரணம் பார்ப்போம்!



இந்த மாதம் நாம் பேசப்போவது, கூட்டத்தில் யாரும் வாய் திறந்து சொல்லாத ஒரு விஷயம். நம் குழு ஒன்றில் சேமிப்பு வசூல் நடந்துகொண்டிருந்தபோது ஓர் அக்கா ஒன்றரை மணி நேரத்தில் மூன்று முறை எழுந்து வெளியே போய் வந்தார். "என்னக்கா, தவணை கேட்பாங்கன்னு ஓடுறீங்களா?" என்று யாரோ கேலி செய்ய, எல்லோரும் சிரித்தோம். கூட்டம் கலைந்த பிறகுதான் அவர் எங்களிடம் சொன்னார்: "ஆறு மாசமா இப்படித்தான். ராத்திரியில நாலு தடவை எழுந்திரிக்கிறேன். வெளியூர் போற அன்னைக்குக் காலையில இருந்து தண்ணியே குடிக்கிறதில்ல. இதையெல்லாம் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

மறுநாள் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். வெறும் வயிற்றிலேயே சர்க்கரை 240 இருந்தது. தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். ஆறு மாதமாக உடம்பு சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. வெட்கத்தால் அவர் சொல்லவில்லை, நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். இனி அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

எத்தனை முறை போனால் சரி?

ஒரு நாளைக்கு, ராத்திரியும் சேர்த்து, ஆறு முதல் எட்டு முறை போவது சாதாரணம். மழைக்காலத்திலும், மோர், இளநீர் அதிகம் குடித்த நாளிலும் கூடுதலாகப் போகும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் வழக்கத்தைவிட அதிகமாகி அது சில நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, தினமும் ராத்திரியில் இரண்டு, மூன்று முறை தூக்கம் கெட்டாலோ காரணம் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் நிறையப் போகிறதா, அல்லது கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறதா? பாதிக் காரணம் இதிலேயே தெரிந்துவிடும்.

1. கொஞ்சமாக, எரிச்சலோடு போனால்

நாம் நீர்க்கடுப்பு என்கிறோமே, அது பெரும்பாலும் சிறுநீர்ப் பாதையில் கிருமி தொற்றுவதால் வருவது. பெண்களுக்குச் சிறுநீர் வெளிவரும் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான். ஆசனவாயும் பக்கத்திலேயே இருப்பதால் அங்குள்ள கிருமி சுலபமாக உள்ளே ஏறிவிடும். எரிச்சல், அடிவயிற்று வலி, அவசரம், போய் வந்த உடனேயே மறுபடியும் வருவது போன்ற உணர்வு, கலங்கிய அல்லது நாற்றமுள்ள சிறுநீர் ஆகியவை இதன் அறிகுறிகள்.

"உடம்பு சூடு"ன்னு சொல்லி வெந்தயமும் பார்லி தண்ணீரும் குடிக்கிறோம். குடிக்கலாம், தவறில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி நாளைக் கடத்தக் கூடாது. சிறுநீர்ப் பரிசோதனை செய்து டாக்டர் தரும் மாத்திரையைச் சொன்ன நாள்வரை முழுதாகச் சாப்பிட வேண்டும். இரண்டு நாளில் எரிச்சல் நின்றதும் நிறுத்தினால் மிச்சமுள்ள கிருமி மறுபடியும் கிளம்பும். மெடிக்கல் கடையில் நாமே கேட்டு வாங்குவதும் வேண்டாம்.

2. நிறைய, எரிச்சல் இல்லாமல் போனால்

கூடவே தாகம், பசி, அசதி, உடல் மெலிவு, பிறப்புறுப்பில் அரிப்பு, ஆறாத புண் இருந்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம். ரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரையைச் சிறுநீரகம் வெளியே தள்ளும்போது தண்ணீரும் சேர்ந்து போய்விடுகிறது. அதனால் தாகம் எடுக்கிறது. தண்ணீர் குடிப்பதால் வந்த நோய் என்று தண்ணீரைக் குறைத்தால் உடம்புதான் வற்றும்.

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால், மறுபடியும் ஒருமுறை சோதித்துச் சர்க்கரை நோய் என்று உறுதி செய்வார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனை இலவசம். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் நம்மைப் போன்ற குழுக்களில் இருந்து போனவர்கள்தான். நம் வீட்டுப் பெண்ணிடம் சொல்ல நமக்கு என்ன கூச்சம்?

3. கர்ப்பிணிகளுக்கு

முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் அடிக்கடி போவது இயல்பு. முதலில் உடம்பின் மாற்றத்தாலும், பிறகு குழந்தை சிறுநீர்ப்பையை அழுத்துவதாலும் இப்படி ஆகும். ஆனால் எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று விடக் கூடாது. தொற்று சிறுநீரகம் வரை ஏறினால் குறைமாதப் பிரசவம் ஆகலாம். கிராம செவிலியரிடம் அன்றே சொல்லுங்கள்.

4. இருமினால், தும்மினால் கசிந்தால்

பல பிரசவம் பார்த்தவர்களுக்கும், மாதவிலக்கு நின்றவர்களுக்கும் அடிவயிற்றைத் தாங்கும் தசைகள் தளர்ந்துபோகும். குடம் தூக்கினால் கசியும், அவசரம் வந்தால் அடக்க முடியாது. சிலருக்கு அடி இறங்கியிருக்கும். கருப்பையில் கட்டி இருந்து சிறுநீர்ப்பையை அழுத்தினாலும் அடிக்கடி வரும். "வயசானா இப்படித்தான்" என்று நினைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டிலேயே செய்ய ஒரு பயிற்சி உண்டு. காற்றுப் பிரிவதை அடக்குவது போல உள்தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, பிறகு ஐந்து எண்ணும்வரை தளர விடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. மூச்சை அடக்க வேண்டாம். சிறுநீர் போகும்போது செய்ய வேண்டாம். பூ கட்டும்போதும் டிவி பார்க்கும்போதும் செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது! மூன்று மாதம் விடாமல் செய்தால் பலன் தெரியும்.

5. வேறு சில காரணங்கள்

டீ, காபி அதிகம் குடிப்பது, மலச்சிக்கல், சிறுநீர்ப் பாதையில் கல் ஆகியவையும் காரணமாகலாம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் நீரைப் பிரிக்கும். அதற்காக நாமே நிறுத்தக் கூடாது, காலையில் போடலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

அடக்குவதும் தண்ணீரைக் குறைப்பதும் தீர்வல்ல

களை எடுக்கிற இடம், சந்தை, தையல் கம்பெனி, பஸ் பயணம் என்று எங்கும் கழிப்பறைக்குப் பயந்து நாம் தண்ணீர் குடிப்பதில்லை. வந்தாலும் மணிக்கணக்கில் அடக்குகிறோம். தேங்கிய நீரில் கிருமி பெருகும், கல்லும் சேரும்.

- ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். வெயிலில் வேலை செய்தால் கூடுதலாக வேண்டும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவு மட்டும். ராத்திரித் தொந்தரவு இருந்தால் படுக்க இரண்டு மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்ளலாம்.
- மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். பெண் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.
- கணவரோடு சேர்ந்தபின் சிறுநீர் கழித்துவிடுங்கள்.
- மாதவிலக்குத் துணியை வெயிலில் காயவையுங்கள்.

டாக்டரிடம் போகும் முன்

காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று நாளைக்கு எழுதுங்கள்: எத்தனை முறை போனீர்கள், ராத்திரியில் எத்தனை, என்னென்ன குடித்தீர்கள், எரிச்சல் உண்டா. வாயால் சொல்லக் கூசினால் அந்தத் தாளையே நீட்டலாம். சோதனைக்குச் சிறுநீர் எடுக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பாட்டிலில் பிடியுங்கள்.

குளிர்காய்ச்சல், இடுப்புக்கு மேல் முதுகின் பக்கவாட்டில் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், சிறுநீர் அடைத்துக்கொள்வது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுநீரில் ரத்தம் வந்தால் வலி இல்லாவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும்.

குழுவாக என்ன செய்யலாம்?

அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். முப்பது வயது தாண்டிய உறுப்பினர்களில் யார் யார் சர்க்கரை பார்க்கவில்லை என்று பட்டியல் எடுத்து, ஒரே நாளில் சேர்ந்து போய்ப் பாருங்கள். சந்தையிலும் பஸ் நிறுத்தத்திலும் பெண்களுக்குக் கழிப்பறை இல்லையென்றால் தீர்மானம் போட்டுக் கிராம சபையில் மனுக் கொடுங்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் கிராம சபை நாட்களோடு சேர்க்கப்பட்டன.

அந்த அக்கா இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், நடக்கிறார். ராத்திரியில் ஒருமுறைதான் எழுந்திரிக்கிறாராம். கூட்டத்துக்கு வரும்போது கையில் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவருகிறார். நடுவில் அவர் எழுந்து போனாலும் இப்போது யாரும் சிரிப்பதில்லை.