"சாமி, உங்க பேர் என்ன?"

சபரிமலைக்குப் புறப்படும்போது "போய் வருகிறேன்" என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்பது மரபு. இருமுடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் நடக்க வேண்டும். பெற்ற தாயிடம்கூட விடைபெறுவதில்லை.

ஆகவே, மலைக்குப் போகிறவன் விடைபெறும் வேளை திரும்பி வரும்போதுதான் வருகிறது. அதுவும் வீட்டாரிடம் அல்ல, கூட வந்த சாமிகளிடம்!

சென்ற ஆண்டு மண்டல பூஜைக்கு, பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலிருந்து நாங்கள் 32 பேர் போனோம். பெரும்பாலோர் இளைஞர்கள். அந்தப் பயணத்தில் நான் விடைபெற்ற விதத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எல்லோருக்கும் ஒரே பெயர்

கார்த்திகை முதல் நாள் மாலை போட்டால், அன்றோடு பெயர் போய்விடும். 41 நாள் விரதத்தில் எல்லோரும் "சாமி"தான். எங்கள் குருசாமி ஒரு கொத்தனார். 18 முறை மலைக்குப் போய்த் தென்னங்கன்று நட்டவர். அவர் காலில் விழுந்து மாலை போட்டுக்கொண்டவர்களில் ஒரு வங்கி அதிகாரியும் உண்டு. ஆட்டோ ஓட்டுபவர் உண்டு. குமாஸ்தாவாகிய நானும் உண்டு.

எருமேலியில் முகத்தில் வண்ணப்பொடி பூசிக்கொண்டு பேட்டை துள்ளினோம். வாவர் பள்ளிவாசலை வலம் வந்தோம். அழுதை ஆற்றில் ஆளுக்கொரு கல் எடுத்துக் கல்லிடும் குன்றில் போட்டோம். கரிமலை ஏற்றத்தில் எனக்குக் கால் பிடித்துக்கொண்டது. ஒரு கன்னிச்சாமி என் தோள்பையை வாங்கி மாட்டிக்கொண்டு, என் கையையும் பிடித்துக்கொண்டார்.

"சரணம் சொல்லிக்கிட்டே வாங்க சாமி, ஏத்தம் தெரியாது" என்றார்.

அவர் கோலார் தங்கவயல்காரர். பாட்டனாரும் தகப்பனாரும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. இவர் தினமும் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூர் வந்து, எங்கள் குருசாமியிடம் சென்ட்ரிங் வேலை பார்க்கிறார். இவ்வளவும் நடந்துகொண்டே பேசியதில் தெரிந்தது.

மெஜஸ்டிக்கில் நடந்தது

அதற்கு முந்தைய ஆண்டு நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாலை கழற்றிப் பத்து நாள் இருக்கும். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் அலுவலக நண்பர்களுடன் நின்றிருந்தேன். "சாமி!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஒருவர் ஓடி வந்தார். எங்களோடு மலைக்கு வந்த பெயின்டர். சட்டையெல்லாம் சுண்ணாம்பும் பெயின்ட்டும்.

நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நண்பர்களிடம் பேச்சைத் தொடர்ந்தேன். அவர் சிறிது நேரம் நின்று பார்த்தார். பிறகு போய்விட்டார். "யாரப்பா அது?" என்றார் ஒரு நண்பர். "தெரிஞ்சவர்" என்றேன்.

பம்பைக் கரையில் அவர் காய்ச்சிய கஞ்சியைக் குடித்தவன் நான்!

சென்ற ஆண்டு அவர் எங்கள் குழுவில் மாலை போடவில்லை. அதற்கு நான்தான் காரணமா? குருசாமியிடம் கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.

பங்காருப்பேட்டை

கோட்டயத்தில் ஏறிய வண்டி, விடியுமுன் பங்காருப்பேட்டை வந்தது. தங்கவயல் சாமிகள் நால்வர் இறங்கினார்கள். மற்றவர்கள் தூக்கக் கலக்கத்தில் "சாமி சரணம்" என்றார்கள். நான் மட்டும் பிளாட்பாரத்தில் இறங்கினேன். கரிமலையில் என் கையைப் பிடித்தவர் அரவணை டின்னை மார்போடு அணைத்தபடி நின்றார்.

"அம்மா கையால மாலையைக் கழட்டணும் சாமி. நாளைக்கே வேலைக்கு வந்துடணும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் பெயர் எனக்குத் தெரியாது! நாளை மாலையைக் கழற்றிவிட்டால் எப்படித் தேடுவேன்? என்ன சொல்லிக் கூப்பிடுவேன்?

"சாமி, உங்க பேர் என்ன?" என்றேன்.

அவர் சிரித்தார். "இத்தனை நாளா நீங்க கேக்கலை, நானும் கேக்கலை" என்று பெயரைச் சொன்னார். என் பெயரையும் கேட்டுக்கொண்டார். செல்போன் எண்ணும் கொடுத்தார். வண்டி நகர்ந்தபோது, "ரோட்டுல பாத்தா கூப்பிடுவீங்கல்ல சாமி?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு மெஜஸ்டிக் நினைவு வந்தது.

நெய்ப் பிரசாதம்

அன்று ஸ்ரீராமபுரத்தில் குருசாமி ஒவ்வொருவருக்காக மாலையைக் கழற்றினார். ஒரு மணி நேரத்தில் 28 சாமிகளும் அவரவர் பெயருக்குத் திரும்பிவிட்டார்கள். வங்கி அதிகாரி காரில் ஏறினார். குருசாமி பஸ்ஸுக்கு நடந்தார்.

நான் அவரை வழியில் நிறுத்தி, பெயின்டரின் வீட்டு விலாசம் கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் மாலை நெய்ப் பிரசாதத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

அவரே வந்து திறந்தார். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்குள் கூப்பிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உட்காருங்க சார்" என்றார்.

பிழைக்க வந்த ஊரில் நமக்கு "சார்" என்று சொல்ல ஆயிரம் பேர் கிடைப்பார்கள். வரும் கார்த்திகைக்குள் அவர் வாயால் மறுபடி "சாமி" என்று கேட்க வேண்டும். அதற்கு நான் இன்னும் பலமுறை அந்தக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.