கறுப்பு டெலிபோன்

சென்னைப் பட்டணத்திற்கு 1882-ம் வருஷமே டெலிபோன் வந்துவிட்டது. எனினும் வெளியூருடன் பேசுவது வெகுகாலம் பெருந்தவமாகவே இருந்தது. டிரங்க் காலுக்குப் பதிவு செய்துவிட்டு வீடே மணியோசைக்குக் காத்திருக்கும்; பேச்சுக்கோ மூன்று நிமிஷக் கணக்கு! 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நேரே எண்ணைச் சுழற்றிப் பேசும் முறை தொடங்கிற்று. காத்திருப்பு ஒழிந்ததில் எனக்கு விசனமில்லை.

ஆனால் அந்தக் கனத்த கறுப்புக் கருவிக்கு ஓர் அரிய குணமுண்டு. தனக்கு வேண்டிய மின்சாரத்தை அது எக்ஸ்சேஞ்சின் பாட்டரியிலிருந்து செப்புக் கம்பி வழியே பெற்றது. புயலில் ஊர் இருண்டாலும், கம்பி அறாதவரையில் வைத்தியரை அழைக்கலாம். 2015-ம் வருஷ வெள்ளத்தில் சென்னையில் எத்தனை கைபேசிகள் ஊமையாயின! செப்புக் கம்பிக்குப் பதிலாக இப்போது கண்ணாடி இழை வருகிறது. அதன் முனையிலுள்ள பெட்டியோ, வீட்டு மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடுகிறது.